அக்கா கூடையில் மாநில மலர்

1

இன்று பொங்கல். காலையிலிருந்து குழம்பு வைக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. பிரிஸ்பேனில் இப்போது எல்லாம் கிடைக்கிறது. சர்க்கரைவள்ளி காய்கறிக் கடையிலேயே இருக்கிறது. சேனையும் கருணையும் இந்தியக் கடைக்கு வந்துவிட்டன. பச்சை மொச்சை உறைய வைத்த பாக்கெட்டில் வருகிறது. எல்லாவற்றையும் நேற்றே வாங்கிக் கூடையில் போட்டு வைத்தேன். காலையில் பால் பொங்கியது, கும்பிட்டோம். பிறகு ஒரு கிழங்கை எடுத்துத் தோல் சீவப் போனேன். கிழங்கின் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூடையிலேயே போட்டுவிட்டேன்.

என் மகள் யாழினிக்குப் பதினொரு வயது. ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

போன வருடம் இதே நாளில், கொஞ்ச நேரம், என் அக்கா செத்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் நம்பினேன். அதுவும் என்னால். முக்கால் மணி நேரம் இருக்கலாம், அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கடிகாரம் பார்க்கும் நிலையில் நான் இல்லை. அதை யாரிடமாவது முழுசாகச் சொல்லிவிட்டால்தான் கத்தியைப் பிடிக்க முடியும் போலிருக்கிறது. அதனால் அடுப்பை அணைத்துவிட்டு ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

எல்லாம் பள்ளிக்கூடம் கொடுத்த ஒரு தாளில் ஆரம்பித்தது. இங்கே டிசம்பரும் ஜனவரியும்தான் பெரிய லீவு. லீவுக்கு முன்னால் டீச்சர் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். உன் குடும்பம் எந்த மாநிலத்திலிருந்து வந்தது? அந்த மாநிலத்தின் மரம், பூ, பறவை, விலங்கு என்னென்ன? முடிந்தவரை நேரில் பார், தொட்டுப் பார், வரைந்து கொண்டு வா.

நாங்கள் இருக்கும் குயின்ஸ்லாந்து என்றால் யாழினி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். விலங்கு கோலா, பறவை புரோல்கா என்ற கொக்கு, பூ குக்டவுன் ஆர்கிட், கல் நீலக்கல்.

"உன் ஸ்டேட்டுக்கு என்னம்மா?" என்றாள்.

மயில் என்றேன்.

"அது கன்ட்ரியோட பேர்டும்மா. நான் ஸ்டேட் கேட்டேன்."

பூ தாமரை என்றேன், மரம் ஆலமரம் என்றேன். மூன்றும் நாட்டுக்கு உரியவை, மாநிலத்துக்கு இல்லை. தாம்பரத்தில் பன்னிரண்டாவது வரை படித்து, கெமிஸ்ட்ரியில் பட்டமும் வாங்கியவள் நான். மூன்று கேள்வி, மூன்றும் தப்பு. அவளே போனைத் தட்டிப் பார்த்துப் படித்தாள். மரம் பனை, பூ செங்காந்தள், பறவை மரகதப்புறா, விலங்கு வரையாடு, பழம் பலா. பட்டாம்பூச்சிக்குக்கூடத் தமிழ் மறவன் என்று ஒன்று இருக்கிறதாம்.

"உனக்கே தெரியலையே, அப்புறம் என்ன உன் ஸ்டேட்?" என்று சிரித்தாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு சின்னப் பெண் கேலி செய்ததற்கு இவ்வளவு ரோஷமா என்றால், காரணம் இருந்தது. யாழினியின் அப்பா அதற்கு எட்டு மாதம் முன்னால் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டார். வேலை மாற்றல் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. நாங்கள் பிரிந்துவிட்டோம். வக்கீல் தாள்களில் கையெழுத்தும் ஆகிவிட்டது. அதிலிருந்து யாழினி என்னிடம் தமிழில் பேசுவதே குறைந்துபோனது. கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில், பிறகு கதவு சாத்தப்படும் சத்தம். அவரும் போய், இவளும் போய்விட்டால் நான் யாருக்கு என்ன? அந்தப் பயம் எனக்கு ராவும் பகலும் இருந்தது. ஊரைக் காட்டினால் பிள்ளை என் பக்கம் வந்துவிடுவாள் என்று ஒரு கணக்குப் போட்டேன்.

பெட்டி கட்டும்போது, கழற்றி அலமாரியில் வைத்திருந்த தாலியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். யாழினி வாசலில் நின்று பார்த்தாள்.

3

அக்கா பெயர் பத்மா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். கூடுவாஞ்சேரிக்கு உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பா பயிர் வைத்த நிலமெல்லாம் இப்போது கல் நட்டு வண்ணம் அடித்த பிளாட்டுகள். அதில் அக்கா பங்குக்கு வந்ததைக் கொண்டு கிழக்குத் தாம்பரத்தில் வீடு கட்டினார்கள். கீழே அக்காவும் மாமாவும், மாடியில் சுகுணா டீச்சர் என்று ஒருவர் குடித்தனம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. நான்தான் பிள்ளை என்பாள்.

போய் இறங்கிய அன்றே ஆரம்பித்துவிட்டாள்.

"மாப்ள ஏன்டி வரல?"

"லீவு கிடைக்கலக்கா."

"பொங்கலுக்குக் கூடவா தரமாட்டான்?"

"அங்க பொங்கலே கெடையாதுக்கா."

"இன்னாடி இப்டி எளச்சுப் போயிட்ட? கழுத்தெலும்பு தெரியுது."

"டயட்டுக்கா."

மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பருக்குப் பின்னால் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார், வாய் திறக்க மாட்டார். அக்கா விடமாட்டாள். சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பாள். குளித்துவிட்டு வந்தால் கண்ணைப் பார்ப்பாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதால் வெளியே கேட்காது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாழினிய நீ பாத்துப்பியாக்கா?" என்று கேட்டேன். வக்கீல் கொடுத்த படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. தாய்க்கு ஏதேனும் நேர்ந்தால் பிள்ளைக்குப் பொறுப்பு யார், பெயர் எழுதவும். அதை நிரப்பியாக வேண்டும். படிவம் எதற்கு என்று சொன்னால் பிரிவைச் சொல்ல வேண்டும். அதனால் படிவத்தை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் கேட்டேன்.

அக்கா கை நின்றது. "இன்னாடி பேச்சு இது?"

"சும்மாதான்க்கா. அங்க ஒரு ஃபார்ம்ல எழுதணும்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

4

மாநிலச் சின்னங்களைத் தேடி யாழினியும் நானும் அலைந்தோம். பனை சுலபம். எங்கள் பழைய நிலத்தின் ஓரத்தில் ரெண்டு மரம் இன்னும் நிற்கிறது, நடுவில் மின்கம்பம். யாழினி மரத்தைக் கட்டிப்பிடித்துக் கையில் சிராய்ப்பு வாங்கிக்கொண்டாள். பொங்கல் நேரம் என்பதால் தாம்பரம் மார்க்கெட்டில் பனங்கிழங்கு கட்டுக்கட்டாகக் குவிந்து கிடந்தது. வேகவைத்து நார் உரித்துக் கொடுத்தேன். "ஸ்டேட் ட்ரீயைச் சாப்பிடலாமா?" என்று ஆச்சரியப்பட்டுத் தின்றாள். மரகதப்புறாவும் வரையாடும் படத்தோடு சரி.

செங்காந்தள்தான் சிக்கல். அது கார்த்திகைப் பூ, ஜனவரியில் கொடியே காய்ந்துபோயிருக்கும். எங்கள் கொல்லை வேலியில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சிவப்பும் மஞ்சளுமாக, நெருப்பு பற்றிக்கொண்ட விரல்கள் போல இருக்கும். ஒரு தடவை நான் ஒரு பூவைப் பறித்தபோது அக்கா ஓடிவந்து பிடுங்கி எறிந்து, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. வீட்டுக்கு ஆகாத பூ என்று ஏதோ நம்பிக்கை போலிருக்கிறது என்று நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

சிங்கப்பெருமாள் கோவில் போகும் வழியில் ஒரு நர்சரி. யாழினி தொட்டிகளுக்கு நடுவில் பட்டாம்பூச்சியைத் துரத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் நர்சரிக்காரரிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"இன்னா மேடம், ரோஜா கேக்கறாங்க, குரோட்டன்ஸ் கேக்கறாங்க, நீங்க இதப் போயி கேக்கறீங்க? பூவு இப்ப இல்ல. கெழங்கு வேணா ஒண்ணு ரெண்டு கீது."

மண் ஒட்டிய கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்தார். ரெண்டு விரல் மடக்கின மாதிரி கோணலாக இருந்தது.

"பொண்ணு ஸ்கூலுக்காக. வரையறதுக்கு" என்றேன்.

"வரைஞ்சுட்டு தூரப் போட்டுருங்க. இது கண்வலிக் கெழங்கு, தெரியுமில்ல? சரியான வெஷம். மருந்துக் கம்பெனிக்குத்தான் போவுது இதெல்லாம். கொழந்த தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்க. வூட்ல சமையக்கட்டு பக்கமே வச்சிக்காதீங்க."

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். யாழினி ஓடிவந்து, "இதுதான் ஸ்டேட் ஃப்ளவரா?" என்று கேட்டபோது, ஆமாம், இதிலிருந்துதான் வரும் என்று மட்டும் சொன்னேன். விஷம் என்று சொல்லவில்லை. ஊரில் இருந்த மூன்று வாரத்தில் அவள் என்னோடு முகம் மலர்ந்து பேசிய நாள் அது ஒன்றுதான். உங்கள் ஊர் தேடித் தேடிப் பிடித்த பூ கொல்லக்கூடிய பூவா என்று கேட்டுவிடுவாளே என்று பயந்தேன். மண் அழுக்கு என்று சொல்லிக் கை கழுவ வைத்தேன்.

அக்காவிடமும் சொல்லவில்லை. பார்த்தால் திட்டுவாள், தூக்கி எறிவாள், படம் பாதியில் நிற்கும். அக்கா கோவிலுக்குப் போன நேரத்தில் யாழினி உட்கார்ந்து வரைந்து முடித்தாள். நான் கிழங்கைச் செய்தித்தாளில் சுற்றி என் பெட்டியின் பக்கவாட்டுப் பையில் போட்டேன். வெளியே போகும்போது குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். மறந்தே போனேன்.

5

போகியன்று சாயங்காலம் கிளம்பினோம். அக்கா வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்று நாலு தடவை சொன்னாள். சமையலறையில் மறுநாளைக்கு வாங்கின கிழங்குக் கூடை நிறைந்து இருந்தது. பொங்கலன்று ஏழெட்டு காய், கிழங்கு எல்லாம் போட்டு ஒரே குழம்பு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். படையல் போடும் வரை அதை ருசி பார்க்கக்கூடாது. உப்பு உறைப்பு எல்லாம் கை அளவுதான். படைத்த பிறகு முதல் வாய் காக்காவுக்கு, அப்புறம் சுகுணா டீச்சருக்கும் எதிர் வீடுகளுக்கும் கிண்ணத்தில் போகும்.

விமானம் பிரிஸ்பேனில் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்த அட்டையைக் கொடுத்தார்கள். இந்த நாட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். உணவு கொண்டுவருகிறீர்களா, விதை, செடி, வேர், கிழங்கு கொண்டுவருகிறீர்களா, ஆம் இல்லை என்று கட்டங்கள். கிழங்கு என்ற இடத்தில் பேனா வைத்ததும் எனக்கு நினைவு வந்துவிட்டது. பெட்டியின் பக்கவாட்டுப் பை! பொய் சொன்னால் அபராதம், விசா வரைக்கும் பிரச்சினை என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். பதினொரு வருடம் இருந்து குடியுரிமையும் வாங்கிவிட்டேன். ஆனாலும் சீருடையைக் கண்டால் பயம்தான். ஆம் என்று கோடு போட்டேன். மதியம் ஒன்றரை மணிக்கு இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, சாமான் சோதிக்கும் வரிசையில் போய் நின்றோம்.

நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண் அதிகாரி. கிளம்பும்போது அக்கா பெட்டியில் திணித்த பனங்கிழங்குக் கட்டை எடுத்துக் காட்டினேன், அதைப் பக்கத்தில் வைத்தார். "இன்னும் ஒன்று இருக்கிறது" என்று சொல்லிப் பக்கவாட்டுப் பையைத் திறந்தேன். செய்தித்தாள் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

அப்பாடா என்று இருந்தது. தாம்பரத்திலேயே எங்கோ விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். யாழினி என் கையைத் தொட்டாள்.

"அதை நான் எடுத்துட்டேன்மா. ரூட்ஸ் அலவ்ட் இல்லல்ல. நீ மறந்துடுவேன்னு தெரியும்."

என் பெண் எவ்வளவு பொறுப்பு என்று நான் பெருமைப்பட்டது உண்மை. அரை நிமிடம் இருக்கும் அந்தப் பெருமை. "எங்க போட்ட?" என்று கேட்டேன்.

"போடல. பெரியம்மா கிச்சன்ல பாஸ்கெட் நிறைய ரூட்ஸ் இருந்துச்சுல்ல, அதுக்குள்ள வச்சேன். வேஸ்ட் ஆகக்கூடாதுன்னு."

6

சுவரில் பெரிய கடிகாரம். மணி ரெண்டு. தாம்பரத்தில் காலை ஒன்பதரை.

அக்கா ஏழரைக்கெல்லாம் காய் நறுக்க உட்கார்ந்திருப்பாள். எட்டரைக்குக் குழம்பு கொதித்திருக்கும். நல்ல நேரம் எப்போது? படையல் போட்டாயிற்றா? மாமாவுக்குச் சர்க்கரை வியாதி, மாத்திரை போட்டுவிட்டுப் பசி தாங்க மாட்டார். வாழைத்தண்டு மாதிரி வெள்ளையாக வெந்து கிடக்கும் துண்டுகளில் எது எது என்று யாருக்குத் தெரியும்? சுகுணா டீச்சருக்குக் கிண்ணம் போய்விட்டதா? மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போனை எடுத்தேன். அந்த இடத்தில் போன் பேசக்கூடாது என்று நாலு பக்கமும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதிகாரி கையை நீட்டி அறிவிப்பைக் காட்டினார். நான் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். தினமும் வேலை இடத்தில் முப்பது பேரை மேய்க்கிற ஆங்கிலம் எங்கே போயிற்றோ, "என் அக்கா எங்கள் மாநில மலரைச் சமைக்கிறாள்" என்றுதான் வந்தது. அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். திரும்பவும் அதையே சொன்னேன். அப்புறம்தான் விஷம் என்ற வார்த்தை வந்தது. "அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. நான்தான் சொல்லவில்லை."

அந்த அம்மாள் முகம் மாறிவிட்டது. எங்களை ஓரமாக ஒரு நாற்காலிக்கு அழைத்துப் போய், "கூப்பிடுங்கள், இப்போதே" என்றார்.

போனில் இருந்தது ஊரில் வாங்கின சிம். அது இங்கே வேலை செய்யாது. இங்கத்திய சிம் பர்ஸில் இருந்தது. மாற்ற ஒரு ஊசி வேண்டும். தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினேன். நாலைந்து தடவை தவறிய பிறகுதான் அந்தச் சின்ன ஓட்டையில் இறங்கியது. சிம் விரலில் இருந்து நழுவி நாற்காலிக்குக் கீழே போய்விட்டது. யாழினி மண்டியிட்டுத் தேடி எடுத்தாள். அவளே போட்டும் கொடுத்தாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது.

"பாய்சனா அது?"

"ஆமாம்மா."

"நீ ஏன் சொல்லல?"

நான் போனில் அக்கா எண்ணைத் தேடினேன்.

"அம்மா, நான் பெரியம்மாவைக் கொன்னுட்டேனா?"

ஒரு ஆங்கில வார்த்தைகூடக் கலக்காமல் கேட்டாள். எத்தனையோ மாதமாக அவள் வாயில் இருந்து அப்படி மனம் விட்டு ஒரு வாக்கியம் தமிழில் வராதா என்று ஏங்கியிருக்கிறேன். அது இப்படியா வர வேண்டும்? அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, இல்லை, நீ இல்லை, நான்தான் என்று சொன்னேன். அதையும் எதற்குச் சொன்னேனோ, அவள் இன்னும் உரக்க அழுதாள்.

அக்கா எண்ணை அழுத்தினேன். வேறு அழைப்பில் இருக்கிறார் என்றது. மாமா எண்ணும் அப்படியே. திரும்ப அக்கா, திரும்ப மாமா. பொங்கலன்று காலையில் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் யாரோடு பேசுகிறார்கள்? ஆம்புலன்ஸுக்கா? அக்கம்பக்கத்து ஆளுக்கா? சுகுணா டீச்சர் எண் என்னிடம் இல்லை. ஒரே வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு மாடி வீட்டு எண்ணைக்கூட வாங்கி வைக்கவில்லை. சிங்கப்பெருமாளே, இந்த ஒரு தடவை என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலுக்கு எதைக் கொடுப்பது என்றுகூடத் தோன்றவில்லை.

போன் என் கையிலேயே அடித்தது. அக்கா.

"அக்கா, சாப்டாத! குழம்பச் சாப்டாதக்கா!" என்று கத்தினேன். அதே நேரத்தில் அந்தப் பக்கம் அவளும் கத்திக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டியாடி? எதுனா சாப்ட்டியா? உண்மையச் சொல்லு, எதுனா சாப்ட்டியா?"

7

ரெண்டு பேரும் கத்தி ஓய ஒரு நிமிடம் ஆயிற்று. "நான் ஒண்ணும் சாப்டலக்கா, பிளேன்ல குடுத்த பன்னுதான்" என்று நான் சொன்ன பிறகுதான் அவள் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. அதன் பிறகு அழுதாள். அக்கா அழுது நான் கேட்டதே இல்லை.

காலையில் ஆறு மணிக்குக் கூடையைக் கவிழ்த்தவுடனேயே அவள் கண்ணில் பட்டுவிட்டது. நாற்பது வருடம் ஆனாலும் அந்தக் கிழங்கு அவளுக்கு மறக்காது. எங்கள் தெருவில் தனம் அத்தை என்று ஒருத்தி இருந்தாளாம். எனக்கு அவளை நினைவே இல்லை, அப்போது எனக்கு நாலு வயது. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லாமல், எங்கள் வேலியோரம் தோண்டி எடுத்துத் தின்றது இதைத்தான். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. ஓடிப்போய்ப் பார்த்தவர்களில் அவளும் ஒருத்தி. என் முதுகில் விழுந்த அடிக்கு அதுதான் காரணம். என்னிடம் அவள் சொல்லவே இல்லை.

"நீ வச்சதுதான்னு நெனச்சேன்டி. எடுத்துகினு வந்து, அப்புறம் மனசு மாறி என் கூடைல போட்டுட்டுப் போயிருக்க. இல்லாட்டி இன்னொண்ணு கையில கீது, எடுத்துகினு போயிட்ட. நான் வேற இன்னா நெனப்பேன்? மாப்ள வரல. எலும்பும் தோலுமா வந்து நிக்கற. பாத்ரூம்ல கொழாயத் தொறந்து வுட்டுட்டு அழுவற. யாழினிய பாத்துப்பியான்னு கேக்கற. கேட்டுட்டுப் பிளேன் ஏறிட்ட. காலைலருந்து போன் போடறேன், போவவே இல்ல. உங்க மாமா அவர் போன்ல போட்டுகினே கீறாரு. வூட்ல இன்னும் அடுப்பே பத்த வைக்கல."

அவளுக்கு நான் இருக்கும் இடம் தெரியாமல், எனக்கு அவள் இருக்கும் நிலை தெரியாமல், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டு, ஒருத்தர் வழியை ஒருத்தர் மறித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"ஸ்கூல் வேலைக்காக வாங்கினதுக்கா" என்றேன். "மாநில மலர். வரையறதுக்கு."

"இன்னா மலரு?"

"தமிழ்நாட்டோட பூவுக்கா அது. கவர்மெண்டு அறிவிச்சது."

"அந்தச் சனியனையா?" என்றாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாளா, திட்டினாளா, இன்று வரை எனக்குத் தெரியாது. மூக்கை உறிஞ்சிவிட்டு, "சரி, அது போவட்டும்" என்றாள். "அது ஸ்கூலுக்கு. மீதியெல்லாம்? அதச் சொல்லு."

பக்கத்தில் யாழினி. எதிரில் அந்த நரைமுடி அம்மாள், எதையும் கேட்காத மாதிரி பனங்கிழங்கைப் பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். என் உள்ளங்கையில் தாலியில் இருந்து எடுத்த ஊக்கு. திறந்தே இருந்திருக்கிறது, விரலில் ரத்தம். நல்லாத்தான் இருக்கேன்க்கா என்று வாய் வரை வந்தது. பதினொரு வருடமாகச் சொல்லிப் பழகின வார்த்தை.

"நான் நல்லா இல்லக்கா" என்றேன். "அவரு பெர்த்துக்கு வேலைக்குப் போவல. எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு. எட்டு மாசமாச்சு. ஆனா அந்த நெனப்பு எனக்கு வரலக்கா. சத்தியமா வரல. நான் இருக்கேன்."

"இரு" என்றாள் அக்கா. இரு, இரு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

8

லீவு முடிந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் அட்டைகளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். யாழினியின் அட்டையில் பனை இருந்தது, சிராய்ப்பு உட்பட. கிழங்கின் படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தாள்: "இது என் அம்மாவின் மாநிலப் பூவின் கிழங்கு. விஷம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை." டீச்சர் அதற்கு அடியில் ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தார். நான் அதைப் படித்துவிட்டுக் கார் நிறுத்துமிடத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அக்கா போன் எடுக்காமல் ஒரு மணி அதிகம் அடித்தால் நான் உடனே மாமாவைக் கூப்பிடுகிறேன். நான் எடுக்கத் தாமதமானால் அவள் மாமாவின் போனில் இருந்தும் அடிக்கிறாள். "சாப்ட்டியா?" என்றுதான் இன்றும் கேட்கிறாள். முன்னெல்லாம் ஆச்சுக்கா என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். இப்போது என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, எப்போது என்று எல்லாம் சொல்கிறேன். சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்றும் சொல்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா வீடியோவில் வந்தாள். அங்கே காலை. சமையலறைத் தரையில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். யாழினியைக் கூப்பிட்டு, கிழங்குகளை ஒவ்வொன்றாகப் போன் முன்னால் காட்டினாள். "பாத்துக்கோ. இது சேன. இது கருண. இது சர்க்கரவள்ளி. இது சிறுகிழங்கு. வேற ஒண்ணும் இல்ல, பாரு" என்று கூடையையே கவிழ்த்துத் தட்டினாள். யாழினி ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னாள்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"நீ கொழம்பு வச்சியா?"

"இல்லக்கா. பயமா இருக்கு. கையே வரல."

"உன் கூடையக் காட்டு."

காலையில் நான் போட்டது போட்டபடி கிடந்த கூடையைப் போன் பக்கம் திருப்பினேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னாள், திருப்பச் சொன்னாள், முனையைக் காட்டச் சொன்னாள்.

"எல்லாம் நல்ல கெழங்குதான்டி" என்றாள். "நான் பாத்துகினே கீறேன். சீவு."

கத்தியை எடுத்தேன்.